உமையம்மாள் இன்னும் வரவில்லை

12 ஜூன் 2024, புதன்

காலையில் காப்பி கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "உபகாரம். நீங்க இரியுங்க" என்றார். கல்யாணமான மறுநாளிலிருந்து என்னை "எட்டி" என்று தவிர வேறெப்படியும் கூப்பிட்டறியாத மனுஷன். கேலி செய்கிறார் என்று நினைத்து நானும், "ஆகட்டும் சாரே" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பார்க்கின்சன் வந்து எட்டு வருஷம் ஆகப்போகிறது. கை நடுக்கம், திரும்பும்போது கால் தரையில் ஒட்டிக்கொள்வது, வில்லேஜ் ஆபீசில் எல்லோரும் மெச்சின கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி சிறுத்துப்போனது — எல்லாம் பழகிவிட்டது. இது புதிது. அல்லது ஒன்றுமில்லாததை நான்தான் பெரிசாக்குகிறேனா? காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவளுக்கு ஒரு "நீங்க" போதும், ஆராய்ச்சிக்கு உட்கார்ந்துவிடுவாள்.

16 ஜூன், ஞாயிறு

முற்றத்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்களாம். "மழையில நனையுதுவ, உள்ள ஏறச் சொல்லுங்க" என்றார். எட்டிப் பார்த்தேன். வாழையும் மழையும்தான்.

21 ஜூன், வெள்ளி

கேட்டே விட்டேன். "நான் ஆருன்னு சொல்லுங்க பாப்போம்."

தலையைக் குனிந்துகொண்டார். அந்நியப் பெண்ணிடம் பேசுகிற கூச்சம். "உமையாளைப் போலவே இருக்கீங்க. அதே மூக்குத்தி, அதே சத்தம். ஆனா அவ இல்ல. அவ எப்பம் வருவா?"

"அவ எங்க போனா?"

"அது உங்களுக்காக்கும் தெரியும்."

என் வீட்டில், என் கையால் வைத்த ரசத்தைக் குடித்துக்கொண்டு இதைச் சொல்கிறார். முதலில் வந்தது கோபம்தான். அழுகை மெதுவாகத்தான் வந்தது.

27 ஜூன், வியாழன்

திருவனந்தபுரத்தில் நரம்பு டாக்டர் ஷைலஜாவைப் பார்க்கும் முறை. மகன் சுனில் கூட வந்தான். "வேறெ எந்தெங்கிலும் உண்டோ டீச்சரே?" என்று, வேறு தொந்தரவு எதுவும் உண்டா என்று, டாக்டர் இரண்டு தடவை கேட்டார். "உறக்கம் கொஞ்சம் குறைவு" என்று மட்டும் சொன்னேன்.

மலையாளம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பாஷை ஒரு தடையே இல்லை. படிக்க வந்த சின்ன டாக்டர்கள் நாலு பேர் சுற்றி நிற்கிறார்கள், பக்கத்தில் பெற்ற மகன் நிற்கிறான். "என் புருஷனுக்கு என்னை அடையாளம் இல்லை" என்று எந்தப் பாஷையில் சொல்ல?

4 ஜூலை, வியாழன்

தனியாக பஸ் ஏறி மார்த்தாண்டம் போனேன்.

எல்லையில் இருக்கிற எங்களுக்கெல்லாம் இரண்டு டாக்டர். பெரிய நோய்க்குத் திருவனந்தபுரம், மனசு விட்டுப் பேச மார்த்தாண்டம். ஒருவரிடம் மற்றவர் பேரை எடுக்க மாட்டோம். எடுத்தால், "பின்ன அவரிட்டயே போகலாமே" என்று முகம் கறுத்துவிடுமோ என்று ஒரு பயம். எங்கள் அப்பா காலத்திலிருந்தே இப்படித்தான்.

அவர் என்னைத் தெரியாமல் பேசுவதை எல்லாம் இங்கே கொட்டினேன். வயசான டாக்டர், பொறுமையாகக் கேட்டார். "வேற மாத்திரை எதாவது சாப்பிடுதாரா?" என்றார். "பிரஷருக்கு உண்டு" என்றேன். பார்க்கின்சனையும் திருவனந்தபுரம் மாத்திரைகளையும் சொல்லவில்லை. உறக்கத்துக்கும் இந்தத் தோற்றங்களுக்குமாக ஒரு சின்ன வெள்ளை மாத்திரை தந்து, அடுத்த வாரம் ஆளைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

8 ஜூலை, திங்கள்

நன்றாகத் தூங்குகிறார். முற்றத்தில் பிள்ளைகள் இல்லை. கைராசிக்கார டாக்டர்.

11 ஜூலை, வியாழன்

நாற்காலியிலிருந்து எழும்ப முடியவில்லை. உடம்பு மரக்கட்டை. கஞ்சி மூக்கு வழியாக வந்துவிட்டது, காய்ச்சல் கொதிக்கிறது. கண் மட்டும் என்னையே பார்க்கிறது — ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

15 ஜூலை, திங்கள்

திருவனந்தபுரம் ஆஸ்பத்திரி. வீட்டிலிருந்த மாத்திரைகளை எல்லாம் சுனில் ஒரு பையில் அள்ளிக்கொண்டு வந்திருந்தான். டாக்டர் ஷைலஜா அதிலிருந்து அந்த வெள்ளை மாத்திரையை எடுத்தார். "இது ஆரு தந்நதா டீச்சரே?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், பிள்ளைகள் விளையாடியது, "நீங்க", மார்த்தாண்டம். சுனில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டாக்டர் விளக்கினார். நடப்பதற்காக நாம் கொடுக்கிற மாத்திரை மூளைக்குள் ஒரு சத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இந்த வெள்ளை மாத்திரை அது ஏறுகிற வாசலையே அடைத்துவிடும். மற்ற யாருக்கும் மருந்தாக இருப்பது இந்த நோய்க்காரருக்கு விஷம் மாதிரி. என்னைத் தெரியாததற்கும் காரணம் சொன்னார். முகம் அவருக்குத் தெரிகிறது. "நம்ம ஆள்" என்று கூடவே எழும்ப வேண்டிய உணர்ச்சி எழும்பவில்லை. அதனால் வேறு யாரோ அதே முகத்தோடு வந்திருக்கிறாள் என்று மனசு முடிவு செய்துவிடுகிறது. பாதி நோய், பாதி அந்த நடப்பு மாத்திரையின் சேட்டை.

கடைசியில், "அன்னு என்னோடு பறயாமாயிருந்நல்லோ" என்றார். அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று அவ்வளவுதான். இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

24 ஜூலை, புதன்

வீட்டுக்கு வந்தாயிற்று. வெள்ளை மாத்திரையை நிறுத்தியாயிற்று, நடப்பு மாத்திரையையும் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். புத்தி தெளியுமாம். உடம்பு?

7 ஆகஸ்ட், புதன்

"எட்டி, இந்தத் தலைகாணியைக் கொஞ்சம் பொக்கி வை."

உயர்த்தி வைத்தேன். "என்னட்டி நோக்கிட்டு நிக்க?" என்றார். நானாக்கும். என்னைத்தான் கேட்டார்.

19 ஆகஸ்ட், திங்கள்

புத்தி கண்ணாடி மாதிரி. உடம்பு அசையவில்லை. சுனில் காலையில் ஆபீஸ் போகுமுன் தூக்கிக்கொண்டு போய்க் கக்கூசில் உட்கார்த்துகிறான். அப்போதெல்லாம் அவர் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார். கஞ்சியைக் குழைத்து, தாடையைக் கீழே இறக்கி விழுங்க வைக்கிறேன். அப்படியும் புரை ஏறுகிறது.

டாக்டர் ஷைலஜா போனில் சொன்னது: இப்படியே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகு புண்ணாகும். நடப்பு மாத்திரையை ஏற்றினால் நடப்பார், விழுங்குவதும் தேவலைப்படும். ஆனால் பழைய தோற்றங்கள் திரும்பும். அதை அடக்க இந்த நோயில் கொடுக்கத் தக்க மாத்திரை ஒன்றிரண்டுதான் உண்டு. இந்த ஒரு மாசத்தில் இரண்டையும் கொடுத்துப் பார்த்தாயிற்று. ஒன்று பலிக்கவில்லை, மற்றது ரத்தத்தில் வெள்ளை அணுவைக் குறைத்ததால் நிறுத்தவேண்டி வந்தது. எனக்கு எது வேண்டும் என்றா கேட்கிறீர்கள் என்று கேட்டேன். "இல்ல டீச்சரே. இப்பம் புள்ளிக்கு நல்ல போதம் உண்டு. புள்ளியோடு சோதிக்கணும்" என்றார். அவருக்கு இப்போது நல்ல தெளிவு இருக்கிறது, அவரிடமே கேளுங்கள் என்று.

20 ஆகஸ்ட், செவ்வாய்

கேட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். நடந்தால் என்னைத் தெரியாமல் போகும். என்னைத் தெரிந்தால் நடக்க மாட்டீர்கள்.

பதில் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். என்ன தைரியம்!

"மாத்திரையைக் கூட்டச் சொல்லு" என்றார். குரல் காற்று மாதிரிதான் வருகிறது, குனிந்து கேட்க வேண்டும். "பெத்த மவன் என்னை உடுதுணி அவுத்துக் கழுவுதான். எனக்கு அது வேண்டாம். மத்தது நீ பொறுத்துக்கோ."

மத்தது! நான் "மத்தது".

"சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் இல்லாத துணியைத் துவைத்தேன். என்னைவிடக் கக்கூஸ் பெரிசாகப் போய்விட்டது உமக்கு. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் மனசு இதைத்தான் சொல்கிறது. நான் அந்தக் கட்டிலில் கிடந்தால் என்ன கேட்டிருப்பேன்? தெரியாது. தெரியவே தெரியாது.

21 ஆகஸ்ட், புதன்

மாத்திரையைக் கூட்டியாயிற்று. அவரோடு பேசவில்லை.

3 செப்டம்பர், செவ்வாய்

தானே எழும்பினார். சுவரைப் பிடித்துக்கொண்டு போய், கக்கூஸ் கதவைச் சாத்தி, உள்ளே கொண்டி போட்டார். சத்தம் கேட்டது. வெளியே வந்து, "எட்டி, கண்டியா?" என்றார். பரீட்சையில் ஜெயித்த முகம். அந்த முகத்தைப் பார்த்தபிறகு எதற்கு வீம்பு? "கண்டேன், கண்டேன்" என்றேன்.

12 செப்டம்பர், வியாழன்

"நீங்க காப்பி குடிச்சீங்களா?"

15 செப்டம்பர், ஞாயிறு

திருவோணம். உமையாளுக்கும் ஓர் இலை போடச் சொன்னார். போட்டேன், பரிமாறினேன். எல்லோரும் எழுந்த பிறகு நான் அதில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "அது அவளுக்கு உள்ளதாக்கும்" என்றார். சண்டை போடுகிற குரல் இல்லை. ரொம்ப வருத்தப்பட்டார். பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டேன்.

4 அக்டோபர், வெள்ளி

இப்போது தினமும் ஜங்ஷன் வரை நடக்கிறார். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து நெய்யாற்றின்கரை பஸ்ஸில் இறங்குகிறவர்களைப் பார்க்கிறார். சுனிலோ நானோ கூடப் போகிறோம். "அப்பா, எதுக்கு இந்த வெயிலில?" என்று சுனில் கேட்டானாம். "அம்மை வருவாளே மக்கா. ஆளு இல்லேன்னா தேடுவா" என்றாராம்.

என்னைக் கொடுத்துக் கால் வாங்கினார் என்று எத்தனை நாள் மனசுக்குள் திட்டினேன். அந்தக் காலை வைத்துக்கொண்டு என்னைத்தான் தேடுகிறார். இதை யாரிடம் போய்ச் சொல்வேன் நான்?

17 அக்டோபர், வியாழன்

இதை இன்றைக்கே எழுதிவைக்க வேண்டும்.

நெய்யாற்றின்கரைக்கு மருந்து வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், ஸ்டாப்பில் சுனிலும் அவரும். அவர் எழுந்து நின்றார். ஊன்றுகோலைக்கூட எடுக்கவில்லை.

"எட்டி! இம்புட்டு நாளும் எங்கட்டி போயிருந்த?"

சுனில் வாயைப் பொத்திக்கொண்டான். "அக்கா வீட்டில நின்னுட்டேன்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "சொல்லிட்டுப் போகப்பிடாதா?" என்று வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார். திட்டட்டும். விளக்கேற்றும்வரை உமையாளாக இருந்தேன். பிறகு பழையபடி.

18 அக்டோபர், வெள்ளி

டாக்டர் ஷைலஜாவிடம் போனில் சொன்னேன், இந்தத் தடவை மறைக்காமல், உடனே. வெளியே போய்த் திரும்பி வரும்போது சிலருக்கு அந்த உணர்ச்சி எழும்புவதுண்டாம். எத்தனை நாள் பலிக்கும் என்று சொல்ல முடியாதாம். நோய் நிற்காது, விழுங்குவது இனியும் சிரமமாகும், அதையும் மனசில் வைத்துக்கொள்ளச் சொன்னார். வைத்துக்கொண்டேன்.

5 நவம்பர், செவ்வாய்

பின் வழியாக முந்தின ஸ்டாப்புக்கு நடந்து போய், பஸ் ஏறி, எங்கள் ஜங்ஷனில் இறங்குகிறேன். கண்டக்டருக்கு முதலில் புரியவில்லை. "ஒரு ஸ்டாப்புக்கா டீச்சரே?" என்றான். கால்வலி என்றேன். இப்போது கேட்பதில்லை, யாரோ சொல்லியிருப்பார்கள். சில நாள் பலிக்கிறது. சில நாள் எனக்குப் பின்னால் இறங்குகிறவர்களைத்தான் பார்க்கிறார். அன்றைக்கு நான் பேசாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

27 நவம்பர், புதன்

ஒரு வாரமாகப் பலிக்காமல் இருந்தது. இன்று இறங்கும்போதே, "எட்டி" என்றார். கையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம், சுனில் பின்னால் வந்தான். பாதி வழியில் நின்று, யாரும் கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"உன்னிட்ட ஒண்ணு சொல்லணும். நீ இல்லாதப்பம் வீட்டில ஒரு பொம்பளை நிக்கா. உனக்க சேலையத்தான் உடுத்துதா."

"எப்படி ஆளு?"

"நல்லவளாக்கும். குளிப்பாட்டுவா, சோறு தருவா. நான் எதாவது சொல்லிட்டா அடுக்களையில போய் அழுது கரையுதா. எனக்குக் கேட்கும்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நீ வந்தாச்சுன்னு அவளைப் பறஞ்சு விட்டுராத. பாவம், போக்கிடம் இல்லாதவ போல."

அனுப்ப மாட்டேன், நிற்கட்டும் என்றேன்.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் படுத்தார். எழுந்ததும் மாத்திரையும் தண்ணீரும் கொண்டு போனேன். முகமெல்லாம் சந்தோஷம். "நீங்க அறிஞ்சீங்களா, உமையா வந்தாச்சு. பார்த்தீங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

பார்த்தேன் என்றேன்.