வளைந்த பாதம்

வெண்பா அப்பாவுக்கு,

நாங்கள் நலம். சிங்கப்பூரில் நல்ல மழை என்று செய்தியில் பார்த்தேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் நேற்று இரவு பிறந்த பெண் குழந்தையை இன்று காலை தலையிலிருந்து பரிசோதித்துக்கொண்டே வந்தேன். மூச்சும் இதயமும் நன்றாக இருந்தன. துணியை விலக்கினால், இரண்டு பாதங்களும் உள்பக்கமாக வளைந்திருந்தன.

தகப்பன் மதிவாணன் பீங்கான் தொழிற்பேட்டையில், நாங்கள் கட்டுப் போடும் அதே மாவைக் கரைத்துப் பொம்மைக்கு அச்சு ஊற்றுகிறவர். பார்த்ததும் வாசல் பக்கம் நகர்ந்தார். வெண்பா பிறந்த அன்று நீங்கள் நகர்ந்ததும் அப்படித்தான்.

"எங்க போறீங்க? இங்க வாங்க!" என்று சத்தமாகவே கூப்பிட்டுவிட்டேன்.

அவர் திரும்பி வந்து, ஒரு பாதத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். "இது நேராவுமா சிஸ்டர்?"

"வாராவாரம் மாவுக்கட்டு போட்டா நேராயிடும். அப்புறம் கொஞ்ச வருசம் அதுக்குன்னு செஞ்ச ஷூ போடணும்."

"மாவு இறுகுறப்ப சுடுமே. பாப்பா தாங்குமா?"

"தாங்கும். எம் பொண்ணு தாங்குனா." வெண்பா ஓடுகிற வீடியோவைக் காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தார். "அவங்க அப்பா குடுத்து வச்சவரு," என்றார். நான் போனை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த வீடியோவை உங்களுக்கு அனுப்ப மனம் வரவில்லை. நேரில் வந்து பாருங்கள். அவளுக்கு உங்களை அடையாளம் தெரியாது. யாரென்று அவளிடம் நான் சொல்கிறேன்.

உங்கள் மகளின் அம்மா