முனை குறைந்த உரிமை ஓலை

வளம் பெருகுக. உப்பும் மீனும் குறைவறியாத வெண்கழி நாட்டை ஆளும் நன்முல்லைத் தேவியார், கொன்றையூர் அரண்மனையிலிருந்து, ஞாழற்பட்டினத்து முகத்துவாரக் கோட்டையின் காவலரும், எந்தப் போரிலும் முதுகு காட்டாதவரும், சந்தேகம் வந்துவிட்டால் சொந்த நிழலையும் நிறுத்தி விசாரிப்பவருமாகிய ஏனாதி நல்லியக்கனாருக்கு விடுக்கும் திருமுகம். உமது கோட்டை உறுதியாய் நிற்க. உமது வீரர் நலமாயிருக்க. உமது மூட்டுவலி இந்த வாடைக்காலத்திலாவது உம்மை விட்டு நீங்க.

உமது ஓலை கிடைத்தது. நாரை என்னும் மரக்கலம் துறைவழிகாட்டி எவரும் இல்லாமல் முகத்துவாரத்துள் நுழைய வந்ததாகவும், அதன் துணைத்தலைவன் அந்துவன் நம் முத்திரை பதித்த உரிமை ஓலையைக் காட்டியதாகவும், அவ்வோலையின் ஒரு முனை கத்தரிக்கப்பட்டிருந்தமையால் அது கள்ள ஓலையோ என ஐயுற்றுக் கலத்தை வெளிக்கடலில் நிறுத்தியிருப்பதாகவும் எழுதியிருந்தீர். வழிகாட்டிகளின் தலைவர் பெருங்கோடனாரை வினவியபோது, அரசியாரையே கேட்டுக்கொள்ளும் என்று சொல்லி எழுந்து போய்விட்டார் என்றும் எழுதியிருந்தீர். அதைப் படித்ததும் சபை என்றும் பாராமல் சிரித்துவிட்டோம். நீர் வட எல்லைக்குப் போயிருந்த வேளையில் நடந்தது இது. ஆகவே உம்மேல் குற்றமில்லை. நடந்ததை முழுவதும் கேளும்.

அந்துவனுக்கு ஒரே தங்கை வெண்ணி. அவளைக் கைப்பிடித்தவன் பெருங்கோடனாரின் மகன். அவர்கள் பெற்ற செல்வம் மயிலி. அக்குழந்தைக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். தாய்மாமன் மடி இல்லாமல் நம் நாட்டில் காதுகுத்து ஏது? அந்த நாளில் நாரை முகத்துவாரத்துக்கு வெளியே நின்றது. கப்பல்கள் பெருகியிருந்தன, வழிகாட்டிகள் பெருகவில்லை. தன் முறை வரும்வரை எந்தக் கலமும் காத்துத்தான் கிடக்கவேண்டும். மறுபடி நாள் பார்த்தார்கள், மறுபடியும் அதே கதை. பாய்மரத்தில் ஏறி நின்ற அந்துவனுக்குத் தங்கை வீட்டுப் பந்தல் தெரிந்தது, மேளம் கேட்டது, பிறகு மேளம் நின்றதும் கேட்டது. பாவம், அன்று அவன் சோறு உண்ணவில்லையாம்.

அவன் தங்கை ஒரு மீன்படகில் சொல்லியனுப்பிய சொல்லை அப்படியே எழுதச் சொல்கிறோம். நம் எழுத்தர் முகம் சுளிக்கிறார், சுளிக்கட்டும். “அண்ணன் வர்றதுக்குள்ள இவளுக்குக் கல்யாணமே ஆயிடும் போல. அடுத்த தடவையும் வரலைன்னா, தூணுக்குப் பக்கத்துல உக்காரவெச்சு நானே காது குத்திக்கிறேன். அப்புறம் தாய்மாமன்னு சொல்லிக்கிட்டு என் வாசப்படி ஏற வேண்டாம்!”

அந்துவன் நேரே நம் சபைக்கு வந்தான். வழி நன்கறிந்த கப்பல் அதிகாரிகள் வழிகாட்டி இல்லாமலே துறை புக உரிமை வழங்கவேண்டும் என்று வேண்டினான். பெருங்கோடனார் குதித்த குதி இருக்கிறதே! நம் முகத்துவாரத்து மணல்திட்டுகள் விளையாட்டுப் பொருளல்ல என்றும், பரம்பரை பரம்பரையாக வழிகாட்டிகள் காத்த துறையைக் கண்டவர் கையில் கொடுப்பது தகாது என்றும், மகனுக்கு மைத்துனன் என்பதற்காகத் தாம் கண்ணை மூடிக்கொள்ள முடியாது என்றும் விண்ணப்பித்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனவே அவரையே சோதிப்பவராக அமர்த்தினோம். அந்துவன் கலத்தை உள்ளே கொண்டுவரட்டும், துறை சேரும்வரை பெருங்கோடனார் வாய் திறக்கலாகாது, தேறினால் உரிமை ஓலை, தவறினால் இந்தப் பேச்சே இனி இல்லை என்று தீர்ப்பளித்தோம்.

சோதனை நாளும் மயிலியின் காதுகுத்து நாளும் ஒன்றாக வந்து சேர்ந்தன. நம் அன்னையின் தீவிலிருந்து திரும்பிய நாமும் அந்தக் கலத்திலேயே இருந்தோம். பெருங்கோடனார் வழிகாட்டிப் படகில் வந்து ஏறினார். வீட்டில் விசேஷம் அல்லவா, நம் தந்தையார் அவருக்கு அளித்த சிவப்புச் சால்வையைப் போர்த்தியிருந்தார். பேச்சு தவறி வெளியே வந்துவிடாதிருக்க வாய் நிறைய வெற்றிலையை அடக்கியிருந்தார்.

முதல் திட்டையும் இரண்டாம் திட்டையும் அந்துவன் அழகாகக் கடந்தான். கடைசி வளைவு வந்தது. அங்கே சரியான இடத்தில் திருப்பாவிட்டால் கலம் மணலில் ஏறிவிடும். அந்துவன் கரையைப் பார்த்தான். மறுபடி பார்த்தான். பந்தல் தெரிந்தது, பந்தலில் கூட்டமும் தெரிந்தது, அவன் தேடியது மட்டும் தெரியவில்லை. காற்று சாதகம், நீரோட்டம் சாதகம். குத்துமதிப்பாகத் திருப்பினால் ஒருவேளை சரியாகவே போயிருக்கும். நின்றால் உரிமை ஓலையும் போகும், முகூர்த்தமும் போகும், தங்கை வீட்டு வாசலும் போகும். அவன் கண் கலங்கியதை நாம் கண்டோம். பிறகு நங்கூரம் இறக்கச் சொன்னான்.

நம் முன்னே வந்து கைகூப்பி, “இங்க திரும்பணும்னு தெரியும் தாயே, எந்த இடத்துலன்னு இன்னிக்குத் தெரியல. தெரியாம உங்களைக் கொண்டுபோய் மணல்ல ஏத்த மாட்டேன்” என்றான்.

பெருங்கோடனார் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “பாத்தீங்களா தாயே, நடு வழியில நங்கூரம்! இதுக்குத்தான நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன்!” என்று ஆர்ப்பரித்தார். எந்த அடையாளத்தைத் தேடினாய் என்று அந்துவனை வினவினோம். மாமா வீட்டுக் கூரைக் கம்பத்தில் எப்போதும் ஒரு சிவப்பு தெரியும் என்றும், அது கோயில் கோபுரத்தோடு ஒட்டி வரும்போது திருப்புவது வழக்கம் என்றும், இன்று அது காணவில்லை என்றும் அவன் சொன்னான்.

“என் கூரையில சிவப்பா? எங்க வீட்டுல ஏதுடா...” என்று தொடங்கிய பெருங்கோடனார் பாதியில் நின்றார். தம் தோளைக் குனிந்து பார்த்தார்.

நல்லியக்கனாரே, பூச்சி அரிக்காதிருக்க வெயிலில் போடுகிறேன் என்று சொல்லி, ஊரார் பார்க்கட்டும் என்றே அவர் அந்தச் சால்வையை நாள்தோறும் கம்பத்தில் தொங்கவிடுவது ஊரறிந்த சங்கதி. விசேஷ நாளில்தான் போர்த்துவார்; விசேஷ நாளில் அவர் கடலுக்குப் போவதில்லை. நீரே இப்போது கலத்தை உள்ளே கொண்டுபோம் என்று நாம் பணித்தோம். அவர் கோபுரத்தைப் பார்த்தார், வெறுங்கூரையைப் பார்த்தார், நெடுநேரம் தாடியைத் தடவினார். “இப்ப என்னாலயும் முடியாது தாயே. இத்தனை காலமும் நானும் அதைப் பாத்துத்தான் திருப்பியிருக்கேன். பாக்குறேன்னு எனக்கே தெரியல” என்றார். படகிலிருந்த மற்ற வழிகாட்டிகள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

சால்வை படகில் ஏறிக் கரைக்குப் போயிற்று. காற்றில் நடுங்கி நின்ற பெருங்கோடனாருக்கு நம் பச்சைச் சால்வையைக் கொடுத்தோம். கூரையில் சிவப்பு ஏறியதும் அந்துவன் நங்கூரத்தை எடுத்தான். கலம் ஓரிடத்திலும் தட்டாமல் துறை சேர்ந்தது. தேறினானா என்று நாம் கேட்பதற்கு முன்பே பெருங்கோடனார் கைகூப்பினார். “குடுத்துடுங்க தாயே. அவன் இடத்துல நான் இருந்திருந்தா, மானத்துக்குப் பயந்து திருப்பியிருப்பேன்” என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர்மேல் நமக்கு மதிப்பு கூடிற்று. அவர் உம்மிடம் ஏன் வாய் திறக்கவில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும்.

முகூர்த்தம் முடியும் தறுவாயில் பந்தலுக்கு ஓடினோம். ஆம், நாமும் ஓடினோம். மாமன் மடியில் மயிலி போட்ட கூச்சல் உமது கோட்டைவரை கேட்டிருக்கும். அங்கேயே அமர்ந்து உரிமை ஓலையை எழுதி முத்திரை இட்டோம். காதின் புது ஓட்டை தூராதிருக்க மெல்லிய ஓலைச்சுருள் செருகுவது அத்துறையின் வழக்கம். வைத்திருந்த சுருளை மயிலி ஆத்திரத்தில் கிணற்றில் வீசிவிட்டாள். வெண்ணி சுற்றுமுற்றும் பார்த்தாள். “இந்த ஓலை இல்லாமத்தான என் புள்ள காது இத்தனை நாளாக் காத்துக் கிடந்துச்சு! ஒரு முனை குடுத்தா ஓலை கொறஞ்சா போயிடும்?” என்று சொல்லி, நாம் தலையசைப்பதற்குள் கத்தரித்துவிட்டாள்.

ஆகவே இது நம் ஆணை. இத்திருமுகம் கண்ட அக்கணமே நாரையை உள்ளே விடுக. மருமகளுக்கு மாமன் போடும் பொன்தோடு அக்கலத்தில் இருக்கிறது. அவளை இன்னொரு முறை காக்க வைக்கலாகாது. பெருங்கோடனாரின் கூரைக் கம்பத்தில் இனி அரசின் சிவப்புக் கொடி பறக்கும். அவர் தம் சால்வையை விருப்பம்போலப் போர்த்திக்கொள்க. வழியறிந்த மற்ற அதிகாரிகளும் சோதனைக்கு வருக. ஐயம் வந்த இடத்தில் நிற்பவர்க்கே உரிமை ஓலை வழங்கப்படும். இன்னும் உமக்குச் சந்தேகம் இருந்தால், ஓலையை எடுத்துக்கொண்டு வெண்ணி வீட்டுக்குப் போய், மயிலியின் காதிலிருக்கும் சுருளோடு பொருத்திப் பார்க்கலாம். அவளைக் கேட்காமல் காதைத் தொடவேண்டாம், கடித்துவிடுவாள்.

கடல் சாட்சியாக, மீன்பொறி முத்திரை இட்டு விடுத்தோம். இத்திருமுகத்தின் இரு முனைகளும் முழுமையாக உள்ளன, சரிபார்த்துக்கொள்ளும்.