அரை லிட்டர்

ஜூன் 9, செவ்வாய்

இன்று ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருநூற்றுப் பத்து விரிப்பு. இஸ்திரி உருளை பாதியில் நின்றுவிட்டது. சூப்பர்வைசர் வந்து பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினார், ஓடியது. மனுஷனுக்கும் அப்படி ஒரு தட்டு இருந்தால் நன்றாக இருக்கும்.

இது டயர் கடைக்காரர் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்த டைரி. அவர் இதில் ஒரு வரி எழுதவில்லை. அவருக்குத் தனி நோட்டு உண்டு, பெட்ரோல் நோட்டு. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான். எழுத்து கோணல். யார் படிக்கப் போகிறார்கள்.

நாளையோடு அவர் போய் அறுபது நாள்.

ஜூன் 10, புதன்

நாத்தனார் வந்தாள். அவருக்கு ஒரே தங்கை. ஹெல்மெட் மாட்டுகிற ஆணியைப் பார்த்து அழுதாள். அழுகை முடிந்ததும் கோபம். கோபம் எல்லாம் வெல்டர் மேல்.

"பதினொரு வருஷம் ஒண்ணா சுத்தினவன். அன்னைக்கு மட்டும் கண் வலியாம். இவனுக்குக் கண் வலி, என் அண்ணன் கண்ணையே மூடிட்டாரு."

வெல்டர்தான் எப்போதும் கூடப் போகிறவர். இரண்டு மோட்டார் சைக்கிள், ஆளுக்கு ஒரு கேன். ஒருவருக்குக் குறைந்தால் மற்றவர் ஊற்றுவார். அன்று காலை, வெல்டிங் வெளிச்சம் பட்டுக் கண் திறக்க முடியவில்லை என்று போன் செய்தார். இவர் தனியாகக் கிளம்பினார். கடைசி பெட்ரோல் பங்கிலிருந்து உப்பளத்து பங்க் வரை முன்னூற்று எண்பது கிலோமீட்டர். நடுவில் கல்லும் மணலும்தான், ஒரு வீடு கிடையாது. இன்னும் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி நின்றுவிட்டது. டேங்க் காலி, கேன் காலி. அந்த வெயிலில் ஒன்பது கிலோமீட்டர் நடந்திருக்கிறார். மூன்றாம் நாள் உப்பு லாரிக்காரர் பார்த்தார்.

கணக்குத் தப்பிவிட்டது என்கிறார்கள் எல்லோரும்.

ஜூன் 13, சனி

தையல் பெட்டியைத் திறந்தேன். சிவப்பு நூல் பாதிக் கண்டு இல்லை. அவர் எடுத்தது.

பயணத்துக்கு முன்னால் தரையில் வரைபடத்தை விரித்துவிடுவார். பாதை வளைகிற இடத்தில் எல்லாம் நூலையும் வளைத்து வைப்பார். நல்ல ரோட்டுக்குக் கறுப்பு நூல், மணலுக்குச் சிவப்பு. பிறகு நூலை ஸ்கேலில் நீட்டி அளப்பார். கறுப்பில் லிட்டருக்கு முப்பது கிலோமீட்டர், சிவப்பில் இருபது. இந்தத் தடவை கறுப்பு நூற்று எண்பது, அதற்கு ஆறு லிட்டர். சிவப்பு இருநூறு, அதற்குப் பத்து. மொத்தம் பதினாறு. டேங்க் பன்னிரண்டும் கேன் ஐந்தும் பதினேழு. "ஒரு லிட்டர் கையில நிக்குது, போதும்" என்றார். கூட்டாளிகள் அவருக்குச் சொட்டு என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

இன்னொரு சட்டை வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"சட்டைன்னா எடை. எடைன்னா பெட்ரோல்."

"அப்ப அந்தத் தொப்பைய இங்கயே கழட்டி வச்சிட்டுப் போங்க."

சிரித்தார். சட்டை வைக்கவில்லை. இவருக்கா கணக்குத் தப்பும்?

ஜூன் 14, ஞாயிறு

குளியலறை ஜன்னல் திட்டைத் தேய்த்துக் கழுவினேன். சோப்புப் பெட்டிக்குப் பின்னால் கறுப்பாக ஒரு ரப்பர் வளையம்.

கேன் மூடிக்குள் இருக்கிற வாஷர்.

இன்று எழுத முடியாது.

ஜூன் 15, திங்கள்

எழுதிவிடுகிறேன். எங்கேயாவது இருக்கட்டும்.

அவர் கிளம்ப இரண்டு நாள் இருந்தது. கேன், மடித்து வைத்த துணிக்குப் பக்கத்தில் நாறிக்கொண்டு இருந்தது. காலிக் கேன்தானே என்று கழுவினேன். மூடிக்குள் மை மாதிரி அழுக்கு. வாஷரைக் கழற்றிச் சோப்புப் போட்டுத் தேய்த்து ஜன்னலில் காயவைத்தேன். கேன் காய்ந்ததும் மூடியைப் போட்டு மூடினேன். மூடியை மட்டும்.

"உன் கையில கிடைச்சா மழையக்கூடத் துவைச்சுக் காயப்போடுவ. என் கேனை மட்டும் தொடாத தாயே" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். தொட்டேன். கழுவியதைச் சொல்லவும் இல்லை. சொன்னால் திட்டுவார் என்று.

வாஷர் இல்லாத மூடி நின்ற இடத்தில் கசியாது. குலுங்கினால் கசியும். அவ்வளவு தூரத்தில் எவ்வளவு குலுங்கியிருக்கும்.

பொத்தான் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.

ஜூன் 17, புதன்

யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

நாத்தனார் என்னை இழுத்துக்கொண்டு வெல்டர் பட்டறைக்குப் போனாள். உள்ளே கம்பி வாங்க வந்தவர்கள் மூன்று பேர். அவர் கறுப்புக் கண்ணாடி போட்டு ஒரு ஜன்னல் கிராதிக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு சரியாயிடுச்சு போல?" என்றாள் இவள்.

அவர் எழுந்து நின்றார். "வாங்க. அண்ணி, உக்காருங்க."

"உக்கார வரல. அன்னைக்கு நீ போயிருந்தா இன்னொரு கேன் இருந்திருக்கும். இருந்திருக்குமா இருந்திருக்காதா?"

"இருந்திருக்கும்."

"அப்ப என் அண்ணனைக் கொன்னது யாரு?"

வந்தவர்களில் ஒருவர் கம்பியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். வெல்டர் தரையைப் பார்த்துக்கொண்டே, "நீங்க சொல்றது சரிதான்" என்றார்.

நாத்தனார் என் பக்கம் திரும்பினாள். "அண்ணி, சொல்லுங்க. நான் கேக்கறதுல தப்பு இருக்கா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா இல்லை என்று ஆட்டினேனா, எனக்கே தெரியாது. பார்த்தவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும் என்பது தெரியும்.

நான் என்ன மனுஷி.

ஜூலை 4, சனி

பட்டறை ஆறு நாளாகப் பூட்டியிருக்கிறது. பக்கத்துத் தையல்காரர் சொன்னார்: "வண்டிய விலை பேசிட்டாரும்மா. பட்டறையையும் குடுத்துட்டு இந்த மாசக் கடைசியில வேற ஊருக்குப் போறாராம். எவனும் வேலை குடுக்க மாட்டேங்கறான். எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க."

ஒரு மாதிரி. அந்த மாதிரி என்னைப் பார்க்க வேண்டியவர்கள் அவரைப் பார்க்கிறார்கள்.

ஜூலை 9, வியாழன்

அவர் மாதிரியே கணக்குப் போட்டேன். விரல் விட்டு, நாலு தடவை அழித்து. உப்பளத்துக்குப் பக்கம் கறுப்பு நூல் ரோடு. லிட்டருக்கு முப்பது. நின்றது பதினைந்து கிலோமீட்டரில்.

அரை லிட்டர்.

இரண்டு டம்ளர் எடுத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். இவ்வளவுதான். இரண்டு டம்ளர்.

ஜூலை 17, வெள்ளி

போலீஸ் ஸ்டேஷனில் அவர் பொருட்களைக் கொடுத்தார்கள். கைக்கடிகாரம். கொக்கியில் மாட்டி எடை பார்க்கிற சின்னத் தராசு. கேன். பெட்ரோல் நோட்டு, பிளாஸ்டிக் உறைக்குள். ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என் கையெழுத்தே எனக்கு யாரோ போட்டது போல இருந்தது.

வீட்டுக்கு வந்து கேன் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே வாஷர் இருக்கிற இடம் வெறும் பள்ளம். தெரிந்ததுதான். தெரிந்தும் பார்த்தேன்.

நோட்டைத் திறக்கவில்லை.

ஜூலை 18, சனி

திறந்தேன். கடைசிப் பக்கம். அவர் எழுதியதை அப்படியே எழுதுகிறேன்.

"120 கி.மீ. பெட்ரோல் வாசனை வருகிறது. கேன் எடை பார்த்தேன். நாலே முக்கால் கிலோ இருந்தது, இப்போது மூன்று கிலோ அறுநூறு. ஒன்றரை லிட்டர் கசிந்துவிட்டது. மூடியில் வாஷர் இல்லை. கழுவியிருப்பாள். அவளிடம் சொல்ல வேண்டாம்.

மீதியை டேங்கில் ஊற்றியாச்சு. கையில் பதினொன்றரை லிட்டர். போக வேண்டியதற்குப் பன்னிரண்டு வேண்டும். திரும்பினால் நாலு போதும். மெதுவாகப் போனால் அரை லிட்டர் மிச்சம் பிடிக்கலாம். போகிறேன்."

அவ்வளவுதான். அதற்கு அப்புறம் வெள்ளைப் பக்கம்.

திரும்ப நாலு லிட்டர். நாலு! நீங்களே உங்க கையால எழுதியிருக்கீங்க. பதினொன்றரைய வச்சுக்கிட்டு நாலு லிட்டருக்குத் திரும்ப முடியலயா? யாரு உங்களைப் போகச் சொன்னது? அங்க என்ன வச்சிருந்தாங்க உங்களுக்கு? உப்பு! இந்த ஊர் கடையில இல்லாத உப்பா? வீட்டுக்கு வந்து நாலு திட்டுத் திட்டியிருந்தா நான் வாங்கிட்டிருப்பேனே. வாஷர் எங்கடின்னு கத்தியிருக்கலாமே. சொல்ல வேண்டாமாம். பெரிய மனசு. சொல்லத்தான் வந்திருக்கணும் நீங்க. திட்டுறதுக்காவது வந்திருக்கணும் —

அடுப்பில் சோறு தீய்ந்துவிட்டது. ஜன்னல்களை எல்லாம் திறந்து விட்டேன்.

ஜூலை 19, ஞாயிறு

பொத்தான் டப்பாவையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு வெல்டர் வீட்டுக்குப் போனேன். வாசலில் கட்டி வைத்த பெட்டிகள். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் எழுந்து வந்துவிடுவேன் என்று நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கழுவியது, காயவைத்தது, பட்டறையில் தலையை ஆட்டியது வரை.

வாஷரை விரலில் மாட்டிப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கத்தைப் படித்தார். மறுபடி படித்தார். நோட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

"அண்ணி, ஒவ்வொரு தடவையும் நான்தான் திரும்பலாம்னு சொல்லுவேன். பெட்ரோல் குறையுது, மேகம் வருது, டயர்ல காத்து கம்மி, ஏதாவது ஒண்ணு. 'பயந்தாங்கொள்ளி'ன்னு சிரிப்பாரு. ஆனா திரும்பிடுவாரு. எனக்காகத் திரும்பற மாதிரி திரும்புவாரு."

"ம்."

"நான் போயிருந்தா, கேன்கூட வேண்டியதில்ல. திரும்பலாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அதனால நானும்தான் அண்ணி."

"அவரும்தான்" என்றேன். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. "மூணு பேரும்னு வச்சுக்குவோம் தம்பி. ஒருத்தர் தலையில வேண்டாம். நீங்க ஊரை விட்டுப் போகாதீங்க. நாளைக்கு நானே நாலு பேருக்கு முன்னால சொல்றேன்."

நான் திரும்பி வரும்போது பெட்டிகள் கட்டினபடியே இருந்தன.

ஜூலை 20, திங்கள்

தையல்காரரிடம் சொன்னேன். டயர் கடையில் சொன்னேன். சலவைக்கூடத்தில் சொன்னேன்.

ஆகஸ்ட் 1, சனி

நாத்தனாரிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். கடைசிவரை முடியவில்லை. அதற்குள் யாரோ சொல்லிவிட்டார்கள், அவளே வந்தாள்.

"காட்டுங்க" என்றாள்.

டப்பாவைத் திறந்தேன். பொத்தான்களுக்கு நடுவில் இருந்த வாஷரை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"இதுவா? இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"ஊர் கூட்டி அந்த ஆளை அசிங்கப்படுத்தினேனே. பக்கத்துலயே நின்னீங்களே அண்ணி."

"நின்னேன்."

"உங்களைத் திட்டணும்னுதான் வந்தேன். வாய் வரல." வாஷரைத் திரும்ப டப்பாவில் போட்டாள். தண்ணீர் கொடுத்தேன், தொடவில்லை. படியில் ஒரு நிமிஷம் நின்றாள். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

நாத்தனாருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

செப்டம்பர் 13, ஞாயிறு

பட்டறை பாதிக் கதவு திறந்திருந்தது. வெளியே சாய்த்து வைத்திருந்த இரும்புக் கதவை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. நாத்தனார் வீட்டு வாசல் கதவு. கீல் உடைந்து மூன்று வருஷமாகக் கயிறு கட்டி வைத்திருந்தாள்.

"அவங்களே தள்ளுவண்டியில கொண்டாந்தாங்க" என்றார் வெல்டர். "'கீல் போச்சு, பாருங்க'ன்னாங்க. வேற ஒண்ணும் பேசல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "முன்னெல்லாம் வாடா போடாதான். இப்ப 'பாருங்க'ங்கறாங்க. அதுதான் பயமா இருக்கு."

ஏப்ரலுக்குப் பிறகு இன்றுதான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். உடனே குற்றமாக இருந்தது.

அக்டோபர் 31, சனி

வெல்டர் வண்டியை விற்கவில்லை. வெயில் தணிந்ததும் அந்தப் பாதையில் போகிறார்களாம், அவரும் பழைய கூட்டாளிகள் இரண்டு பேரும். ஓர் இரும்புப் பெட்டி செய்து வைத்திருக்கிறார். பூட்டுக் கிடையாது, தாழ்ப்பாள் மட்டும். என் வீட்டுக்காரர் வண்டி நின்ற இடத்தில் கம்பம் நட்டு அதில் பெட்டியைப் பொருத்தி, உள்ளே பெட்ரோலும் தண்ணீரும் வைத்துவிட்டு வரப்போகிறார்கள். யாருக்குத் தேவையோ எடுத்துக்கொள்ளட்டும் என்று.

"கணக்கு நீங்க போடுங்க அண்ணி. நூல் உங்க வீட்டுலதானே இருக்கு."

கறுப்பு ஒரு கண்டு, சிவப்பு ஒரு கண்டு புதிதாக வாங்கினேன். தரையில் வரைபடத்தை விரித்தேன். அவர் நின்ற இடத்தில் நூல் என் விரலுக்குக் கீழே வந்தது. அதைத் தாண்டி அளக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பெட்டி எடை, கம்பத்தின் எடை எல்லாம் சேர்த்து ஆளுக்குப் பதினெட்டு லிட்டர் வந்தது. நான் இருபத்திரண்டு என்று எழுதினேன்.

நவம்பர் 7, சனி

நாளை விடியற்காலை கிளம்புகிறார்கள். கேன் எல்லாம் நேற்றே என்னிடம் வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் புது வாஷர் போட்டேன். ஒவ்வொரு கைப்பிடியிலும் ஒரு வாஷர் உபரியாக நூலில் கட்டிவிட்டேன். காலையில் நிரப்பி வந்த கேன்களைப் பின்கட்டில் செய்தித்தாள் விரித்துக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

நாலு மணிக்கு வந்தபோது வாசலில் நாத்தனார். கையில் இரண்டு தண்ணீர்ப் புட்டி. "பெட்டியில வைக்க" என்றாள். என்னிடம் இல்லை, கதவிடம் சொன்ன மாதிரி.

இருவரும் பின்கட்டுக்குப் போனோம். நான் ஒவ்வொரு கேனாகத் தூக்கினேன். அவள் குனிந்து காகிதத்தைத் தடவிப் பார்த்தாள். முதலாவது உலர்ந்திருந்தது. இரண்டாவதும். மூன்றாவதில் அவள் விரல் நின்றது.

"அண்ணி. இங்க ஈரம்."

ஒரு பொத்தான் அளவு. மோந்து பார்த்தேன். பெட்ரோல்தான்.

மூடியைக் கழற்றினால் வாஷர் சரியாகத்தான் இருந்தது. மூடியின் விளிம்பில் மயிரிழை விரிசல். வெல்டருக்குப் போன் செய்தேன். கசியுது தம்பி, வேற மூடி வாங்கி மறுபடி கவிழ்த்து வச்சுப் பார்க்கணும், நாளைக்கு வேண்டாம் என்றேன்.

"சரி அண்ணி, நாளைக்கு வேண்டாம்" என்றார்.

நாத்தனார் கடைக்குப் போய்ப் புது மூடி வாங்கி வந்தாள். மாட்டிக் கவிழ்த்தோம். அவள் கீழே புதுக் காகிதம் விரித்தாள்.