அண்ணனுக்குக் கொண்டுபோன சோறு

1976, வியாழன் இரவு

அண்ணனைப் போலீஸ்தான் ஒளித்து வைத்திருக்கிறது. மிளகுக் கிட்டங்கி வாசலில் கூலி உயர்வு கேட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தவனைத் திங்களன்று ஜீப்பில் ஏற்றியதைக் எங்கள் கொச்சங்காடி வட்டாரமே பார்த்தது. இன்று ஸ்டேஷனுக்குச் சோறு கொண்டுபோனேன். போலீஸ்காரர் தூக்குச்சட்டியை உள்ளே கொண்டுபோய், காலியாகத் திருப்பிக் கொடுத்தார்.

"சாப்பிட்டானா சாரே?"

"ஆரு? அப்படி ஒருத்தன் இவிடெ இல்லடா."

"அப்போ சோறு?"

"மீன்கறி ஜோர். அம்மாகிட்ட சொல்லு."

அண்ணன் கறிவேப்பிலையை எப்போதும் ஒதுக்கிவிடுவான். சட்டியில் ஓர் இலைகூட இல்லை. அவர்கள் தின்றார்களா, பசியில் அவனே தின்றானா, தெரியவில்லை. அம்மாவிடம் அவன் சாப்பிட்டான் என்றுதான் சொன்னேன். நாளைக்கும் கொண்டுபோவதா?

கிளம்பும் முன், "உள்ள இருந்தா புத்தகத்துல பேர் எழுதுங்க சாரே. இல்லைன்னா, இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்றேன். அவர் பல் குத்திக்கொண்டிருந்தார்.