பல் டாக்டரின் மலையும் என் வளையமும்

மார்ச் 4

மாடியறையில் நான் கட்டும் குட்டி ரயில் பாதையின் கடைசி நிலையத்துக்கு, அதன் தகரக் கூரைக்கு இன்று இரண்டாவது பூச்சு. துருவின் நிறம் வர மாட்டேன் என்கிறது. நேரில் பார்த்தபோது தேநீர்க் கறை மாதிரி இருந்தது, என் தூரிகையில் செங்கல்லாக வருகிறது.

சாயங்காலம் இவர் வேலை முடிந்து வந்ததும் டெஸ்டரும் கையுமாக மாடியறைக்கு வந்து நின்றார். "வயரிங்கை நான் பாக்கட்டுமா?" என்று கேட்டார். "கை வைக்காதீங்க, பெயிண்ட் இன்னும் காயல" என்றேன். லிஃப்ட் மெக்கானிக்கின் கை. இரும்புக் கயிறு பிடித்துப் பழகிய கை என் சிக்னல் கம்பத்தைத் தொட்டால் ஒடிந்துதான் போகும். டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

மார்ச் 9

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டமில்லை. லென்ஸ் மாட்டும் மேசையிலேயே வளையத்தை மறுபடி வரைந்து பார்த்தேன். நிஜப் பாதையில் எனக்குப் பிடித்ததே அதுதான். ஜங்ஷனிலிருந்து பிரிந்து, ஆற்றுப் பாலம், குகை எல்லாம் தாண்டி, கடைசியில் கல்குவாரிக் குன்றை ஒரு சுற்றுச் சுற்றி வந்த தண்டவாளத்திலேயே சேர்ந்துகொள்கிறது. எஞ்சினைக் கழற்றி மாட்டும் வேலையே இல்லை. நானே போய் டேப் பிடித்து அளந்து வந்தேன். பழைய கதவு இரண்டைச் சேர்த்துப் போட்ட மேசையில் அவ்வளவு பெரிய வளைவு அடங்காது. பாலத்தின் ஏழு வளைவுக் கண்ணில் இரண்டைக் குறைத்துவிட்டேன், வளையத்தை மட்டும் விட மாட்டேன்.

மார்ச் 15

அடுத்த தெருப் பல் டாக்டரும் இதே பாதையைக் கட்டுகிறாராம். கட்டட்டுமே. போன வருடம் என் மேசையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "மேடம், எப்படி மேடம்?" என்று வாய் பிளந்து நின்றவர்தான். கிளினிக்கில் விளக்கு எரியவில்லை என்று இவரைக் கூப்பிட்டிருக்கிறார். போனவர் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் வந்தார். சட்டையெல்லாம் வெள்ளைத் தூள். மலை செய்தார்களாம், பல் அச்செடுக்கிற மாவில்.

நம் வீட்டு மாடிப்படி பல்பு போய் மூன்று வாரம் ஆகிறது. ஊரான் வீட்டு மலைக்கு விளக்குப் போடப் போகிறார்.

மார்ச் 22

இன்றும் அங்கேதான்.

ஏப்ரல் 2

சாப்பிடும்போது இவர் சொன்னார்: "எங்க லைன்ல பாலத்துக்கு ஏழு கண்ணும் வச்சாச்சு."

எங்க. நம்ம லைன் என்று சொல்லியிருந்தால் நானும் சேர்த்தி. உங்க லைன் என்று என்னைக் குத்தியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். எங்க என்றால் இவரும் அந்தப் பல் பிடுங்கியும். நான் வாசலுக்கு வெளியே. வாய் தவறி வந்ததா? வாய் தவறி வருவதுதானே மனதில் இருப்பது?

எனக்குக் குறைந்த கண்ணுள்ள பாலம். சரி, இருக்கட்டும்.

ஏப்ரல் 6

மகள் போனில் சிரிக்கிறாள். "என்னம்மா, அப்பாவ ஒரு பல் டாக்டர்கிட்ட பறிகொடுத்துட்டியாமே?" யார் சொன்னது என்றால் அப்பாதான் என்கிறாள். அவளிடம் அந்த மலையைப் பற்றி அரை மணி பேசியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. நீ கேட்டியா என்றாள். நான் எதற்குக் கேட்க வேண்டும்?

ஏப்ரல் 11

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். பல் சுத்தம் செய்ய வேண்டும் என்று சொல்லிக் கிளினிக்குக்குப் போனேன். என் பல்லுக்கு ஒரு கேடும் இல்லை. அந்த மலையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, உறிஞ்சு குழாயைச் செருகிவிட்டு டாக்டர் பேச ஆரம்பித்தார். "உங்க வீட்டுக்காரர் கை தங்கம் மேடம். எவ்வளவு பொறுமை. ஒரு வயர தப்பா கொடுத்தா சிரிச்சிட்டே கழட்டி மறுபடி கொடுக்கறார்." என் வீட்டுக்காரரின் பொறுமையைப் பற்றி எனக்கு! "ஆ" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? பின்னறையிலிருந்து இவர் சிரிப்புச் சத்தம். கம்பவுண்டரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். வீட்டில் அப்படிச் சிரித்து நாளாகிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலிக்குதா மேடம் என்று கேட்டார், அதற்கும் "ஆ"தான்.

பிறகு பின்னறைக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். மலை அழகாகத்தான் இருக்கிறது, பொய் எழுதி என்ன ஆகப்போகிறது. பாறை வெடிப்பெல்லாம் பல் குடையும் ஊசியால் கீறியது. ஆனால் வளையம் இல்லை. கடைசி நிலையத்தோடு தண்டவாளம் மொட்டையாக நிற்கிறது. "அது வேணாம்னு எடுத்துட்டோம்" என்றார் டாக்டர். இவர் சுவரைப் பார்த்தார். வீடு வரும்வரை எனக்கு ஒரே சந்தோஷம்.

ஏப்ரல் 19

சந்தோஷத்துக்கு ஆயுசு கம்மி. வளையத்தின் கடைசித் துண்டை இன்று சேர்த்தேன். சேர்த்ததும் எல்லாம் செத்துவிட்டது. வண்டி, நிலைய விளக்கு, வண்டியை ஓட்டும் கன்ட்ரோலரின் பச்சைப் புள்ளிகூட. துண்டை எடுத்தால் உயிர் வருகிறது, வைத்தால் போகிறது.

ஏப்ரல் 21

காரணம் புரிந்துவிட்டது. வண்டி குன்றைச் சுற்றித் திரும்பி வந்து சேரும் இடத்தில் இடது தண்டவாளம் வலதோடு போய்ச் சேர்கிறது. பிளஸும் மைனஸும் முட்டிக்கொள்கின்றன. நிஜ ரயிலுக்குத் தண்டவாளத்தில் மின்சாரம் ஓடுவதில்லை, அதனால் அதற்குக் கவலையில்லை. நான் அதை அப்படியே அளந்து வந்து வைத்திருக்கிறேன், மடச்சி.

காரணம் தெரிகிறது, வழி தெரியவில்லை. வழி தெரிந்த ஆள் கீழே உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருக்கிறார். கேட்க மாட்டேன். இந்த ரயில் ஓடாவிட்டாலும் பரவாயில்லை. இவர் அங்கே போகாமல் இங்கே வந்து நின்றால் போதும். ஆனால் அதை என் வாயால் கேட்க வேண்டுமா? தானாக வரத் தெரியாதா?

வைக்கோல் போர் நாய் கதைதான் என்னுடையது. தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது.

ஏப்ரல் 27

வெடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "அங்கயே ஒரு பாய் போட்டுக்க வேண்டியதுதானே. என் வளையம் செத்துக் கிடக்குது, உங்களுக்கு ஊரான் வீட்டு மலைதான் முக்கியம்" என்று கத்தினேன். அழுகை வேறு. அசிங்கம்.

இவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார்.

"வளையம் ஷார்ட் ஆகுதா?"

"ஆமா."

"ஆகும்னு தெரியும். அதுக்குத்தான் அங்க போனேன்." சட்டைக் கையை மடித்துவிட்டபடி சொன்னார்: "எனக்குத் தெரிஞ்சது லிஃப்ட் வயரு. இந்த நூலு மாதிரி வயருல உன்னோடதுல பழகறதுக்கு பயம். நீ ரெண்டு வருஷமா ராப்பகலா கட்டினது. அவரோடதுன்னா போனா போகட்டும்."

போயும் இருக்கிறது. அங்கே வளையத்தை இவர்தான் போட்டுப் பார்த்திருக்கிறார். முதல் தடவை கன்ட்ரோலர் புகைந்தது, அடுத்த தடவை எஞ்சினே போனது. பாவம், டாக்டர் பயந்துபோய் வளையமே வேண்டாம் என்று எடுக்கச் சொல்லிவிட்டார். எடுப்பதற்குள் இவர் வழியைக் கண்டுபிடித்திருந்தார். அதை அவரிடம் சொல்லவேயில்லை.

சொல்லித் தொலைத்திருக்கலாமே, என்னிடமாவது, என்று கேட்டேன். "நீ கூப்பிடலையே" என்றார்.

ஏப்ரல் 28

வளையத்தின் மின்சாரம் தனியாகப் பிரிய வேண்டும் என்று அதன் இரண்டு முனையிலும் தண்டவாளத்தை அறுத்தார். நான் இரண்டு வருடம் கட்டியதை ரம்பம் வைத்து அறுக்கிறார், நான் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இரும்புக் கயிறு பிடிக்கிற கை பக்கத்திலிருந்த சிக்னல் கம்பத்தை உரசக்கூட இல்லை.

மே 5

ஓடுகிறது. வண்டி குன்றைச் சுற்றும்போது வெளிப்பாதையின் பிளஸ் மைனஸை மாற்ற ஒரு ஸ்விட்ச் தட்ட வேண்டும், தாமதித்தால் எல்லாம் நின்றுவிடும். ஓட்டுகிறவளுக்குக் கை போதாது, பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். தானாகவே மாறுகிற மாதிரி செய்திருக்க முடியாதா என்று கேட்டேன். முடியும் என்றார். செய்யவில்லை.

மே 18

டாக்டர் வந்திருந்தார். கேள்விப்பட்டு வந்திருக்கிறார். நான் ஓட்டினேன், இவர் ஸ்விட்ச் தட்டினார். வண்டி குன்றைச் சுற்றி வந்த வழியே திரும்பியது. இன்னொரு தடவை பார்க்கலாமா என்றார் டாக்டர். அப்புறம் இன்னொரு தடவை.

"என்னோடதுல இது ஓடலையே" என்று இவரைப் பார்த்துக் கேட்டார். இவர் ஸ்விட்சைத் துடைத்தார். "இப்பல்லாம் அந்தப் பக்கமே வர்றதில்ல" என்றார் டாக்டர் அடுத்து, சிரித்துக்கொண்டேதான். அந்தச் சிரிப்புக்குக் கீழே இருந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்றரை மாதமாகக் கண்ணாடிக் கடையில் எந்தக் கண்ணாடியைத் துடைத்தாலும் அதுதான் தெரிந்தது.

"வியாழக்கிழமை இவர அனுப்பி வைக்கறேன் டாக்டர். உங்க வளையத்தையும் போட்டுக் கொடுப்பார்" என்றேன்.

சொன்ன வாய் மூடுவதற்குள் ஏன் சொன்னோம் என்றாகிவிட்டது. இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா எட்டு மணிக்கு வீட்ல இருக்கணும்" என்று சேர்த்துக்கொண்டேன்.