வாசலில் ஒரு கல்

பாப்பா அம்மாவுக்கு,

நான் சுகம். உன் இருமல் நின்றதா? நேற்று வேலையில் ஒரு டைல்ஸ் என் காலில் விழுந்தது. நகம்தான் போனது, கவலைப்படாதே.

நம் வீட்டுப் பழைய தரையைப் பெயர்த்ததும் அடியில் பள்ளம் இருந்ததாம். சிமெண்டும் மணலும் கூடுதலாக வேண்டுமாம். டைல்ஸ்காரர் கேட்பது நியாயம்தான். பள்ளத்தை நீயே அளந்து பார், கூடுதல் சாமானை எழுதி வாங்கு, பிறகு சரி சொல்.

இதே கூடுதல் சாமானை இங்கே நான் கேட்டதற்கு, நான் தரை போடும் வீட்டுக்காரம்மா என்னைத் திருடனைப் போலப் பார்த்தார். நீயோ போனில் அந்த டைல்ஸ்காரரை, "பாவங்க, பொய் சொல்லத் தெரியாத மனுஷன்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டாய். காபி வேறு கொடுத்தாயாம். ஊரார் வீட்டுக்கெல்லாம் தரை போடுகிறவனுக்கு வயிறு எரியாதா?

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் ஹாரன் அடிக்கிறது. வாசலில் ஒரு டைல்ஸ் கல்லை மட்டும் பதிக்காமல் விடச் சொல். அதை நான் வந்து பதிக்கிறேன். அதுவரை கால் தடுக்கும்போதாவது என்னை நினைப்பாய்.

பாப்பா அப்பா