மடியில் சாம்பார் குண்டா

“கத்துறது பிரேக் இல்ல ராமாத்தா, இந்தக் காப்பெல் ஊரு ரோடு அப்படி.”

“ரோடு நம்ம கராஜுக்குள்ளயும் வந்து கத்துதுங்களா?”

“புடிக்கலைன்னா சொல்லு, காரை வித்துப்போடறேன்!”

“வித்துப்போடுங்க! ஸ்டியரிங் ஆடுற ஆட்டத்துல எனக்குப் பல்லு கழண்டுரும்!”

நேற்று நாம் பேசியது இவ்வளவுதான். அதற்காக நிஜமாகவே கார் வாங்க ஆளை வரச் சொல்வதா? ரிட்டயர் ஆனதும் ஆசைப்பட்டு வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் அல்லவா?

நீங்கள் வாக்கிங் போனதும் புது பிரேக் மாட்டிய கடைக்குப் போன் செய்தேன்.

“காலி ரோட்டுல வேகமாப் போயி, நாலஞ்சு தரம் நல்லா அழுத்தி பிரேக்கைப் பழக்கினாரா?”

“எப்படிங்க அழுத்துவாரு? எப்பவும் என் மடியில கோயிலுக்குச் சாம்பார் குண்டா இருக்குமே!”

கடைக்காரர் சிரித்துவிட்டார். பிரேக்கை மெதுவாகவே பிடித்ததில் பிரேக் பேடின் துகள் சக்கர டிஸ்க்கில் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும், கத்தலும் ஆட்டமும் அதனால்தான் என்றார். நாளைக் காலை கொண்டுபோனால், கழற்றிச் சரிசெய்து, பழக்கும் விதத்தையும் சொல்லித் தருவாராம்.

பக்கத்து வீட்டுத் தென்றலின் காரில் கோயிலுக்குப் போகிறேன். சாம்பாரும் என்னோடு வருகிறது. உங்களுக்கு ரசம் அடுப்பில் இருக்கிறது.

கார் வாங்க வருகிறவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். சாவியைத் தேட வேண்டாம், என் பையில் இருக்கிறது.

இந்தச் சீட்டின் ஓரத்தில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கிறது, அதனால் இதையும் கேட்டுவிடுகிறேன்:

“ஏனுங்க, நாளைக்கு மடியில குண்டா இல்லாம நானும் கூட வரட்டுங்களா?”